சரக்கு ஏறும் பலகை: லாரித் தளத்துக்கு மரம் பார்த்து வாங்குவது எப்படி?

நம் வணிகர்களில் பலர் இன்று சொந்தமாக லாரியோ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கிறார்கள். புதிய சேஸிஸ் எடுத்து நாமக்கல்லில் பாடி கட்டக் கொடுப்பவர்களும் உண்டு. ஓடிய வண்டியை வாங்கித் தளத்தை மட்டும் மாற்றிக் கொள்பவர்களும் உண்டு. எஞ்சின், டயர், இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள், சரக்கு நேராக உட்காரும் பலகையைப் பற்றி மட்டும் "நல்ல மரமாப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். "நல்ல மரம்" என்பதற்கு எந்தப் பட்டறையிலும் எழுதி வைத்த அர்த்தம் கிடையாது. கையில் என்ன மரம் இருக்கிறதோ அதுதான் அன்றைக்கு நல்ல மரம்.

பலகை சரியில்லை என்றால் நஷ்டம் முதலில் விழுவது அடி வரிசை மூட்டையில். இருபது அடி நீளம், ஏழரை அடி அகலம் உள்ள தளத்தில் ஐம்பது கிலோ மூட்டை இருபத்தைந்துக்குக் குறையாமல் அடி வரிசையிலேயே அடங்கும். பலகை இடுக்கு வழியாக ரோட்டுத் தண்ணீர் அடித்து அந்த வரிசை நனைந்தால், வாங்குகிறவர் நனைந்ததை மட்டுமா ஒதுக்குகிறார்? "மொத்த லோடையும் சல்லடை போட்டுத்தான் இறக்குவேன்" என்கிறார். கூலி, தாமதம், விலைக் குறைப்பு எல்லாம் நம் தலையில். துருத்தி நிற்கும் ஆணித் தலை கிழித்த சாக்கிலிருந்து வழியெல்லாம் சிந்திய பருப்புக்குக் கணக்கே இல்லை.

சரக்கு போனால் பணத்தோடு போயிற்று. ஆள் விழுந்தால்? எங்கள் மண்டியில் வாடகைக்கு வந்த ஒரு லாரியில் மூட்டை இறக்கிக் கொண்டிருந்த லோடுமேனுக்குத் தளப் பலகை முறிந்து ஒரு கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. முதுகில் ஐம்பது கிலோ மூட்டை. எலும்பு தப்பியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்து இரண்டு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. முறிந்த பலகையை எடுத்துப் பார்த்தோம். மேலே பளபளவென்று பச்சைப் பெயிண்ட், உள்ளே உளுத்துப்போய் மாவாகக் கொட்டியது. வண்டிக்காரர் பட்டறையைக் குறை சொன்னார், பட்டறை மரவாடியைக் கை காட்டியது. மருத்துவச் செலவுக்கு மண்டிக்காரர்களும் சுமைப்பணித் தொழிலாளர்களும் கையிலிருந்து போட்டுத்தான் கொடுத்தோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பலகைதான்.

மரமா, இரும்பா?

"இந்தக் காலத்தில் யார் மரம் போடுகிறார்கள், இரும்புத் தகடு போட்டுவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் சொல்லுவார்கள். கல், கம்பி, மணல் ஏற்றுகிற வண்டிக்கு அது நியாயமான பேச்சு. மளிகைச் சரக்குக்கு நான் இன்னும் மரத்தின் பக்கம்தான் நிற்பேன்.

முதலில் எடைக் கணக்கு. மேலே சொன்ன 150 சதுர அடித் தளத்துக்கு 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போட்டால் சுமார் 550 கிலோ வரும். ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள பலகை போட்டால் மரம் 15.6 கன அடி. கன அடிக்கு 24 கிலோ எடையுள்ள வன்மரமாகவே வைத்துக் கொண்டாலும் 375 கிலோதான். வித்தியாசம் 170 கிலோவுக்கு மேல். 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் ஏழு சிப்பம். ஒவ்வொரு நடையும் அந்த ஏழு சிப்பத்தின் எடையைச் சும்மா சுமந்து கொண்டு போகிற கணக்கு இது.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் நின்ற இரும்புத் தளத்தில் வெல்லம் ஏற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அடி மூட்டை இளகித் தகட்டோடு ஒட்டிக் கொள்ளும். பின்பனிக் காலத்தில் விடியற்காலையில் அதே தகடு வியர்க்கும். தார்ப்பாய் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அடியிலிருந்து வருகிற அந்த ஈரத்தைத் தடுக்க முடியாது. மரம் சூட்டையும் குளிரையும் அவ்வளவு வேகமாகக் கடத்தாது. மேலும், பிளாஸ்டிக் நூல் சாக்கு இரும்பில் வழுக்கும், வளைவில் அடுக்கு சாயும். மரத்தில் அவ்வளவு சுலபமாக நகராது. ஒரு பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றிக் கொள்ளலாம் என்பதும் சின்ன விஷயமில்லை.

கப்பலில் வரும் கண்டெய்னரைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் துவரையும் உளுந்தும் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அதில்தான் வருகின்றன. சுவர், கூரை எல்லாம் இரும்பு. தளம் மட்டும் மரம். வழக்கமாக 28 மில்லிமீட்டர் கனத்தில், 19 அடுக்கு ஒட்டிய பிளைவுட். சர்வதேசத் தர விதிப்படி 7,260 கிலோ அச்சுச் சுமையுள்ள வண்டியை அதன்மேல் ஓட்டிச் சோதிக்கிறார்கள். உலகம் முழுதும் சரக்கு ஏற்றுகிறவர்கள் இரும்புப் பெட்டிக்குள்ளேயே மரத் தளம் போடுகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

எந்த மரம்?

பழைய மாட்டு வண்டி ஆசாரிகளுக்கு இதில் குழப்பமே கிடையாது. சக்கரத்துக்குக் கருவேலம், மற்றதற்கு அக்கம்பக்கத்தில் கிடைத்த வைரம் பாய்ந்த மரம். லாரி வந்த பிறகு வேங்கை, கருமருது, இருள் என்று மலை மரங்கள் வந்தன. அவை தாராளமாகக் கிடைத்த காலம் போய்விட்டது. நீலகிரி கூடலூர்ப் பகுதிக் காடுகளைப் பற்றித் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, நாடு முழுதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. காட்டைக் காப்பாற்ற அது தேவைதான். அதற்குப் பிறகு மரவாடிகளில் வெளிநாட்டு மரம் பெருகியது. பர்மாவிலிருந்து உருட்டு மரம் வருவதும் 2014 ஏப்ரல் முதல் அந்நாட்டு அரசின் தடையால் நின்றது. ஆகவே இன்று செங்கோட்டை மரவாடிக்குப் போனாலும் தூத்துக்குடிக்குப் போனாலும் நாம் கேட்கிற பெயரும் அவர்கள் எடுத்துக் காட்டுகிற மரமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயரைக் கேட்டு விலை கொடுக்காதீர்கள். மரத்தைப் பாருங்கள்.

இருந்தாலும் எடை தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது. காய்ந்த நிலையில் கன அடிக்கு சால் மரமும் கருமருதும் சுமார் 24 கிலோ. வேங்கை, கருவேலம் சுமார் 22. மலேசியாவிலிருந்து வரும் கெருயிங் சுமார் 21. தேக்கு 18-ஐ ஒட்டி நிற்கும். தேக்கு கெடாது, திருகாது, எல்லாம் சரி. ஆனால் மூட்டை இழுபடும் தளத்துக்கு அது மெத்தென்ற மரம், சீக்கிரம் தேயும். கதவு நிலைக்குப் போட வேண்டிய காசை லாரித் தளத்தில் போடுவது வீண் என்பது என் கருத்து.

சால் மரமும் இருளும் ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரங்கள். பர்மாவின் பியின்காடோ என்பதும் நம் இருளும் ஒரே இனம். இவை கிடைத்தால் யோசிக்க வேண்டாம். துளை போடுகிற ஆசாரி மட்டும் முணுமுணுப்பார், வாள் பல் மழுங்கும், ஆணி இறங்காது.

கெருயிங் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இது ஒரே மரம் அல்ல. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல மரங்களுக்குப் பொதுவான வியாபாரப் பெயர். பிலிப்பைன்சில் இதே குடும்பத்து மரத்தை அபிடாங் என்பார்கள். அமெரிக்காவில் திறந்த டிரெய்லர்களுக்குத் தளமாக அபிடாங்தான் பல காலம் முதல் தேர்வாக இருந்தது. அந்தமானிலும் பர்மாவிலும் குர்ஜன் என்பது இவற்றின் பங்காளி. வலுவும் உண்டு, நீளமான பலகையும் கிடைக்கும். ஆனால் இரண்டு குறை. ஒன்று, இது பிசின் மரம். சூடு ஏற ஏறப் பலகையிலிருந்து பிசின் கசிந்து சாக்கில் ஒட்டும். கட்டி இரும்பு ஏற்றுகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மைதா, சர்க்கரை ஏற்றுகிற நமக்கு அது கறை. இரண்டு, ஈரத்திலேயே கிடந்தால் சாலைப் போலவோ இருளைப் போலவோ தாங்காது. வாங்குவதென்றால் அறுத்த பலகையைச் சில நாள் வெயில் படும் இடத்தில் வைத்துப் பிசின் கசிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் பல வகைகள் காட்டில் அருகி வருவதால் விலையும் இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தைல மரம் எடைக்குக் குறைவில்லை, விலையும் சல்லிசு. ஆனால் திருகும், முனையில் பிளக்கும். ரப்பர் மரம் கேரளத்திலிருந்து மலிவாக வருகிறது. பூச்சி மருந்து ஊட்டாத ரப்பர் மரத்தை உளு தின்றுவிடும், மருந்து ஊட்டியதோ உணவுச் சரக்குக்கு யோசிக்க வேண்டியது. மா, இலவு போன்றவை பெட்டி அடிக்கத்தான் லாயக்கு.

பெயிண்ட் அடிக்கும் முன் பாருங்கள்

பட்டறைக்கு வண்டியைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டு விடுங்கள்: பலகையை நான் வந்து பார்க்காமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. இந்த ஒரு சொல்லுக்குப் பாதி ஏமாற்று நின்றுவிடும்.

பலகையின் முனை வெட்டைப் பாருங்கள். ஒரே மரத்தில் நடுப்பகுதி வைரம், நிறம் கனத்திருக்கும். பட்டையை ஒட்டிய ஓரம் வெளுப்பு. எவ்வளவு உயர்ந்த ஜாதி மரமாக இருந்தாலும் வெளுப்பு வெளுப்புதான். உளுவும் கறையானும் முதலில் இறங்குவது அதில்தான். "அண்ணாச்சி, எல்லாம் ஒரே மரம்தானே, ஒரு பக்கம் கொஞ்சம் வெளுப்பு இருந்தா என்ன?" என்பார் கடைக்காரர். மரம் ஒன்றுதான், ஆயுள் ஒன்றல்ல. வெளுப்பு ஓடும் பலகையைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள். மரத்தின் நட்ட நடு மையம் ஓடும் பலகையும் வேண்டாம், அது வெடிக்காமல் இருக்காது. பலகையின் குறுக்கே பெரிய கணு விழுந்திருந்தால் அந்த இடத்தில் முறியும் என்று வைத்துக் கொள்ளலாம்.

எடையை நாமே சோதிக்க ஒரு வழி உண்டு. மளிகைக்காரன் கையில் தராசு இருக்கும்போது எவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஒன்றேகால் அங்குலப் பலகையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் சரியாக வெட்டி வாங்கிக் கொள்ளுங்கள். அதன் கன அளவு 737 கன சென்டிமீட்டர். காய்ந்த துண்டு 600 கிராமுக்கு மேல் நின்றால் சால், மருது, இருள் வகைக் கனம். 500-க்குக் கீழே போனால் உங்களுக்குச் சொன்ன மரம் அதுவல்ல, அல்லது பாதி வெளுப்பு. "காய்ந்த துண்டு" என்பதை மறந்துவிடக் கூடாது. பச்சை மரம் தண்ணீரைக் குடித்து எடை காட்டும்.

அந்த ஈரம்தான் தளத்தைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி. பட்டறைகள் அவசரத்தில் ஓடுகின்றன. சேஸிஸுக்குக் கடன் தவணை தொடங்கிவிடுவதால் வண்டிக்காரரும் "சீக்கிரம் முடியுங்கள்" என்கிறார். நேற்று அறுத்த மரம் இன்று தளத்தில் ஏறுகிறது. பூட்டும்போது இடுக்கே தெரியாது. நம் ஊர் வெயிலில் ஆறு மாதம் ஓடட்டும். எட்டு அங்குல அகலப் பலகை ஒன்று கால் அங்குலத்துக்கு மேல் சுருங்கலாம். ஏழரை அடி அகலத்தில் பதினொரு பலகை என்றால் மொத்தம் இரண்டே முக்கால் அங்குலம் வெறும் இடுக்கு. நான் முதலில் சொன்ன ரோட்டுத் தண்ணீர் வருகிற வழி இதுதான்.

நெல்லுக்கு ஈரம் பார்ப்பது நமக்குப் பழக்கம். கொள்முதலில் 17 சதவீதம் என்று பேசுகிறோம். மரத்துக்கும் பார்க்கலாம், ஆனால் கணக்கு வேறு. நெல்லில் ஈரத்தை மொத்த எடையில் சதவீதமாகச் சொல்வார்கள். மரத்திலோ காய்ந்த எடையில் சதவீதமாகச் சொல்வார்கள். 450 கிராம் துண்டு ஒன்றை 103 டிகிரி செல்சியஸ் சூட்டில், இனி எடை குறையாது என்னும் வரை உலர்த்தி 375 கிராம் ஆனால், மரக் கணக்கில் ஈரம் 20 சதவீதம். நெல் கணக்கில் அதுவே 16.7 ஆகிவிடும். மரவாடிக்காரர் சொல்லும் சதவீதத்தை நெல்லோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு ஊசி உள்ள மரத்துக்கான ஈரமானி தனியாக விற்கிறது. நெல் ஈரமானி இதற்கு உதவாது. உள்மாவட்டங்களில் ஓடும் வண்டிக்கு 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 25, 30 காட்டினால் பூட்ட வேண்டாம்.

உலர்த்துவதற்கு ஐ.எஸ். 1141 என்று இந்தியத் தர நிர்ணயமே உண்டு. எளிதாகச் சொன்னால், பலகைகளுக்கு இடையே ரீப்பர் கொடுத்து, நிழலில், காற்றோட்டமாக அடுக்க வேண்டும். ஓர் அங்குல வன்மரப் பலகை இப்படிக் காய மாதக்கணக்கில் ஆகும். சூளையில் உலர்த்தினால் வாரக்கணக்கு. வெயிலில் விரித்துப் போட்டால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும். மிளகாய் வற்றல் காயப்போடுகிற கணக்கு மரத்துக்கு ஆகாது. வண்டி வாங்கப் போவது முன்கூட்டித் தெரிந்தால் பலகையை இப்போதே வாங்கி நம் கோடவுன் ஓரத்திலேயே அடுக்கி வைத்துவிடலாம். பலர் இதைச் செய்வதில்லை. செலவில்லாத காரியம்.

கனம், இடைவெளி

மரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அடியில் குறுக்குச் சட்டம் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்பதைப் பொறுத்துத்தான் பலகை நிற்கும். பட்டறையில் ஒரு சட்டத்தை மிச்சப்படுத்துவார்கள். ஓர் அடிக்கு ஒன்று என்பது ஒன்றரை அடிக்கு ஒன்று ஆகிவிடும். ஒரே இடத்தில் ஊன்றும் சுமைக்குப் பலகைமேல் விழும் வளைவு அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆகிறது. பலகை தொய்வதோ மூன்று மடங்குக்கும் மேல்.

கனத்தைக் கூட்டினால் லாபம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஒரு அங்குலப் பலகையை ஒன்றேகால் அங்குலமாக்கினால் மரச் செலவு கால் பங்கு கூடும். தாங்கும் வலுவோ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், தொய்வு ஏறக்குறையப் பாதியாகும். ஆகவே கனத்தில் கை வைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். "ஒன்றேகால்" என்று பில் போட்டு, இழைத்த பிறகு ஒரு அங்குலம் நிற்பதும் நடக்கிறது. பேசும்போதே "இழைத்த பிறகு ஒன்றேகால்" என்று பேசுங்கள்.

மூட்டை மட்டும் ஏறும் வண்டிக்கு இது போதும். கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் வைத்து, அதை டிரெய்லர் தளத்துக்குள்ளேயே ஓட்டுகிற பெரிய வியாபாரிகள் வேறு கணக்குப் போட வேண்டும். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் தன் எடையோடு சேர்ந்து ஆறு டன்னை எட்டும். சுமை தூக்கிய நிலையில் அதில் பெரும்பகுதி முன் சக்கரம் இரண்டில் நிற்கும். ஒரு சக்கரம் ஒரு பலகையின்மேல் நிற்கும் நேரமும் உண்டு. அப்படிப்பட்ட தளத்துக்கு ஒன்றரை அங்குலப் பலகையும், நெருக்கமான இரும்புக் குறுக்குச் சட்டமும், பலகைக்குப் பலகை காடி வெட்டிக் கோத்த சேர்ப்பும் வேண்டும். காடி போட்டால் ஒரு பலகையின் சுமையைப் பக்கத்துப் பலகையும் வாங்கிக் கொள்ளும். இடுக்கும் அடைபடும்.

பலகை என்ன குடித்திருக்கிறது?

இதுவரை சொன்னது எந்த லாரிக்கும் பொருந்தும். உணவுச் சரக்கு ஏற்றுகிற நமக்கென்று இன்னொன்று இருக்கிறது. மரம் குடிக்கும். குடித்ததைச் சுலபத்தில் விடாது.

1958-இல் கேரளத்தில் நடந்ததை மூத்த வியாபாரிகள் கேள்விப்பட்டிருப்பார்கள். கப்பலில் உணவுப் பொருள்களோடு ஏற்றி வந்த ஃபோலிடால் என்னும் பூச்சி மருந்து கசிந்து சரக்கில் கலந்தது. அதைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது, பின்னால் 1968-இல் பூச்சி மருந்துச் சட்டமும் 1971-இல் அதன் விதிகளும் வந்தன. உணவுப் பொருளோடு நேராகப் படும்படி பூச்சி மருந்தை ஏற்றவோ இருப்பு வைக்கவோ கூடாது என்பது அந்த விதிகளில் உள்ளது. ஒரே நடையில் இரண்டையும் ஏற்றக் கூடாது என்பது நமக்குத் தெரியும். போன நடையில் மருந்து டின் கசிந்த பலகைமேல் இந்த நடையில் அரிசிச் சிப்பம் ஏறுவதை யார் பார்க்கிறார்கள்? இரும்பாக இருந்தால் கழுவி விடலாம். மரத்தில் மருந்து கொட்டியிருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. மரத் தளத்தை ஆதரித்துப் பேசுகிற நான் இதை மறைத்துப் பேசக் கூடாது. மருந்து, உரம் ஏற்றும் வண்டியையும் மளிகை ஏற்றும் வண்டியையும் ஒன்றாக வைத்திருப்பவர் இரும்புத் தளமே போட்டுக் கொள்ளட்டும்.

பழைய ரயில்வே கட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று அறுத்துப் பலகை போடுகிறவர்கள் உண்டு. கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய கட்டையாக இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் வெயிலில் அதன் வாடை எழும். தேயிலை, மைதா, அரிசி மூன்றும் வாடையை இழுக்கிற சரக்கு. தாமிரம், ஆர்செனிக் கலந்த மருந்து ஊட்டிய பலகையும் நமக்கு ஆகாது. பச்சை சாயல் தெரிந்தால் என்ன ஊட்டியது என்று கேளுங்கள். பலகை கெடாமல் இருக்கக் கழிவு ஆயில் பூசும் பழக்கம் பல செட்டுகளில் இருக்கிறது. அடிப்பக்க இரும்புக்கு வேண்டுமானால் பூசட்டும், சரக்கு படும் பக்கத்தில் கூடவே கூடாது.

பூசத்தான் வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய் போதும், வருடம் ஒரு தடவை, மழைக்கு முன்னால். பூசிய துணியைச் சுருட்டிச் சாக்குக் குவியல் பக்கத்தில் போட்டுவிட்டு வராதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக் கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி அப்புறப்படுத்துங்கள்.

உப்பு லோடும் இதில் சேர்த்தி. தூத்துக்குடி உப்பு ஏற்றி இறக்கிய தளம் காய்ந்தது போலத் தெரியும். மரத்தில் இறங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொண்டே இருக்கும். மறு நடையில் சர்க்கரை ஏற்றினால் அடி வரிசை கசியும், போல்ட் எல்லாம் துரு ஏறும். உப்பு நடைக்குப் பிறகு தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, இரண்டு நாள் காய விட்டு ஏற்ற வேண்டும்.

பூட்டும் முறை

ஆணி வேண்டாம். லாரி அதிரும், ஆணி மேலே எழும். போல்ட் போட்டு, தலையைப் பலகை மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இறக்கி, அடியில் அகல வாஷர் கொடுத்து நட்டு முறுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய போல்ட் நல்லது. கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரம் சாதாரண இரும்பை அரித்துக் கருப்புக் கறை படிய விடும். துளை போல்ட்டைவிடச் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். பிடித்து வைத்தால் பிளக்கும். ஓடத் தொடங்கி மூன்று மாதத்தில் ஒரு முறை எல்லா நட்டையும் முறுக்கி விடுங்கள். பலகை வாங்கும்போதே இரண்டு பலகை கூடுதலாக வாங்கிக் கோடவுனில் போட்டு வையுங்கள். ஒன்று உடையும் நாளில் அதே மரம், அதே கனம் தேடி அலைய வேண்டியிருக்காது.

வாடகை லாரியில் ஏற்றுகிறவர்களுக்கு மரம் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, ஆனால் ஏற்றும் முன் ஏறிப் பார்க்கும் உரிமை உண்டு. குமாஸ்தாவை ஒரு தடவை தளத்தின்மேல் நடக்கச் சொல்லுங்கள். குதிகாலால் தட்டினால் நல்ல பலகை கணீரென்னும், உளுத்தது பொத்தென்னும். முகர்ந்து பார்க்கட்டும். போன நடை என்ன லோடு என்று டிரைவரைக் கேட்கட்டும். பழுது கண்டால் லாரி ரசீதிலேயே எழுதி டிரைவர் கையெழுத்து வாங்க வேண்டும். சரக்கு கெட்டு வழக்குக்குப் போக நேர்ந்தால், 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்ப் பேச்சிலும் போனிலும் அந்த நாட்களைக் கடத்திவிட்டு வக்கீலிடம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கடைசியாக, குட்டி யானை வைத்திருக்கும் சில்லறை மளிகைக்காரர்களுக்கு. அதில் தளம் இரும்புதான், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெறும் தகட்டில் சிப்பத்தை வைக்காதீர்கள். முக்கால் அங்குல ரீப்பர்களை நீளவாக்கில், முன்னிருந்து பின்னுக்கு, ஓட விட்டு, மேலே குறுக்காகப் பலகை அடித்து, தூக்கி வெளியே எடுக்கும்படி இரண்டு துண்டாகச் செய்து கொள்ளுங்கள். தண்ணீர் ரீப்பருக்கு இடையே ஓடிப் பின்கதவு வழியாக வடிந்துவிடும். குறுக்கே ரீப்பர் அடித்தால் ஒவ்வொரு ரீப்பருக்கு முன்னாலும் தண்ணீர் தேங்கும். பிளைவுட் போடுவதானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கு பெயிண்ட் அடித்து அடைத்து விடுங்கள், ஈரம் ஏறுவது ஓரம் வழியாகத்தான். வாரம் ஒரு நாள் இரண்டு துண்டையும் வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துக் காய விட்டு, அடியில் சிந்திக் கிடக்கும் சரக்கைக் கூட்டி விட வேண்டும். எலி அந்த வண்டியைத் தேடி வருவது அதற்காகத்தான்.